டாக்டரா, வாத்தியாரா? – கடிதம்

அன்புள்ள சார்,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் அசிஸ்டெண்ட் புரொஃபசராக இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன், ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் பயிற்சி தரும் மெடிக்கல் எஜுகேஷன் யூனிட்டுக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். ஒர்க்‌ஷாப், லாக்புக் (மாணவர்கள் செய்த வேலைகளின் பதிவேடு), தேசிய மருத்துவக் கமிஷனுக்கு அறிக்கை என்று நாள் ஓடுகிறது. வார்டில் நின்றால் "மேடம், இன்னைக்கு மீட்டிங் இல்லையா?" என்கிறார்கள். யூனிட் அறையில் இருந்தால் "கேஸ் பாக்கறதையே விட்டுட்டீங்களா?" என்கிறார்கள். நான் டாக்டரா, வாத்தியாரா என்று எனக்கே தெரியவில்லை. வார்டைக் குறைத்துக்கொண்டு இதிலேயே முழுதாக இறங்கிவிடலாமா? கூட வேலை செய்கிறவர்கள் இதை ஒரு வேலையாக மதிக்க என்ன செய்வது? மருத்துவக் கல்வியில் ஓராண்டு அட்வான்ஸ்டு கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள், அதனால் பயன் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

வார்டை விடாதீர்கள்.

பி.ஜி. மாணவர்கள் சிக்கலான கேஸைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரும்வரைதான் நீங்கள் சொல்லும் கற்பித்தல் முறைக்கு யூனிட் சீஃப் காதுகொடுப்பார். இரண்டு மூன்று வருஷம் வார்டுப் பக்கம் போகாதவர் ஃபீட்பேக் கொடுப்பதைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், பின்வரிசையில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதே காரணத்தால்தான், பல கல்லூரிகளில் இந்த யூனிட்டைத் தோளில் சுமக்கும் உடலியங்கியல், உயிர்வேதியியல் துறையினரை "நோயாளியப் பாக்காதவங்க" என்று தள்ளிவிடுகிறார்கள். அது அநியாயம். பாடத்திட்டம் வகுப்பதிலும் தேர்வு வடிவமைப்பதிலும் அவர்களில் பலர் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். ஆனால் உங்களை அப்படிச் சொல்ல முடியாது என்பது உங்கள் கையில் இருக்கும் பலம்.

இரண்டு ஓ.பி. நாள், ஒரு முழு ரவுண்ட்ஸ், அட்மிஷன் நாள் இவற்றை வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பிற்பகலை மட்டும் எஜுகேஷன் யூனிட்டுக்குக் கொடுங்கள். டீனிடம் எழுதிக் கேட்டு ஆணையாக வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் யாராவது லீவு போடும் நாளெல்லாம் அந்தப் பிற்பகல்தான் பறிபோகும். அறிக்கைக்கான கெடு மட்டும் தள்ளிப்போகாது.

உங்கள் குழப்பத்தில் பாதி, கற்பித்தலை மேம்படுத்துவது, அதற்குக் கணக்குக் காட்டுவது என்று ஒரே நாற்காலியில் இரண்டு வேலைகளைப் போட்டதால் வந்தது. 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. கூடவே லாக்புக்கும், நடத்தை, அறநெறி, தகவல்தொடர்பு வகுப்புகளும் வந்தன. பிறகு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு, கற்பித்தலில் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் தேவையானது. இவ்வளவுக்கும் கணக்குக் காட்டுகிற இடமாக எஜுகேஷன் யூனிட் ஆகிவிட்டது. வருகைப் பதிவு, போட்டோ, கோப்பு எல்லாம் நடந்தாக வேண்டியவைதான். ஆனால் ஒரு நல்ல கிளார்க்கும் ஒரு பட்டியலும் இருந்தால் போதும். அதையே இரண்டு வருஷம் செய்தால் உங்கள் கண்ணுக்கே நீங்கள் கிளார்க்காகத் தெரிவீர்கள்.

1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் கிளினிக்கல் திறனுக்கு நான்கு படிகள் வைத்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்வார். 2016-இல் ரிச்சர்ட் க்ரூஸும் சில்வியா க்ரூஸும் சகாக்களோடு சேர்ந்து மேலே ஐந்தாவதாக ஒன்றை வைத்தார்கள்: டாக்டராகவே ஆகிவிடுவது. தொழில்சார் அடையாளம் என்று ஒர்க்‌ஷாப்புகளில் பேசப்படுவது இந்த ஐந்தாவது படியைத்தான். மாணவர் டாக்டராக மாறுவதை மனதில் வைத்துச் சொன்னது. டாக்டர் ஆசிரியராக மாறுவதற்கும் அதைப் பொருத்திப் பார்க்கிறேன். நான்காவது படியில், அதாவது கட்டிலருகில், அன்றாடம், பிறர் கண்ணில் படும்படி செய்யாமல் ஐந்தாவதற்குத் தாவ வழி கிடையாது.

செய்வது என்றால் என்ன என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். கட்டிலருகில் சுருக்கமாகக் கற்பிக்க 1992-இல் நெஹரும் சகாக்களும் எழுதிய ஐந்து நுண்திறன்களை 'ஒன் மினிட் பிரிசெப்டர்' என்பார்கள். நேரமில்லாத ரவுண்ட்ஸுக்கென்றே செய்தது.

ஃபைனல் இயர் பையன் கேஸ் சொல்கிறான். 58 வயது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இரண்டு காலும் வீக்கம், நடந்தால் மூச்சு வாங்குகிறது. "ஹார்ட் ஃபெயிலியர் மேடம்" என்கிறான். முதல் படி முடிந்தது, பையன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "எதை வெச்சு சொல்றே? எது இல்லேன்னா இந்த டயக்னோசிஸை விட்டுடுவே?" இது இரண்டாவது. இங்கேதான் பெரும்பாலான ஆசிரியர்கள் தவறுகிறோம். கேள்வி கேட்டு ஒரு நொடியில் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்புகளில் கண்டதும் இதுதான். ஆசிரியர்கள் காத்திருந்தது சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில் நீண்டது, காரணமும் சேர்ந்து வந்தது. மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கையில் அந்த மூன்று நொடி மிக நீளமாக இருக்கும்.

பையன் சொல்கிறான்: "படுத்தா மூச்சு முட்டுதாம், எழுந்து உக்காந்தா குறையுதாம். கழுத்து நரம்பும் தெரியுது." நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போதே பார்த்திருக்கிறான்; அப்படிப் படுத்தால் நல்ல ஆளுக்கும் தெரியும். மூன்றாவது படி, ஒரே ஒரு பொது விதி: "கால் வீக்கத்தை மட்டும் வெச்சு இதயத்தைப் பிடிக்காதே. கழுத்து நரம்பு ஏறியிருக்கான்னு பாரு. ஏறலேன்னா கிட்னி, கல்லீரல், அப்புறம் அவர் பி.பி.க்குச் சாப்பிடற அம்லோடிபின், இந்த மூணையும் யோசி." அத்தோடு நிறுத்த வேண்டும். இது பத்து நிமிட லெக்சராக நீண்டால் நோயாளி சட்டையைக் கழற்றியபடியே உட்கார்ந்திருப்பார், மாணவர்கள் சுவரில் சாய்ந்துவிடுவார்கள்.

நான்காவது, சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுவது. வெறும் "குட்" எதற்கும் உதவாது. "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்கன்னு புத்தகத்துல இருக்கறபடி கேக்காம, எழுந்து உக்காந்தா குறையுதான்னு கேட்டே பாரு, அது சரி. பாயில தலையணையே இல்லாம படுக்கறவர்கிட்ட தலையணை எண்ணிக்கை கேட்டு என்ன கிடைக்கும்?" ஐந்தாவது, திருத்துவது: தலைமாட்டை 45 பாகை உயர்த்தி, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பச் சொல்லி, வலது கழுத்தைப் பார்க்கவைப்பது. கையைப் பிடித்துக் காட்டிவிட்டு அவனையே மறுபடி செய்யச் சொல்லுங்கள். மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். பக்கத்துக் கட்டிலில் நிற்கும் யூனிட் சீஃப் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்காத மதிப்பு அங்கே வரும்.

அடுத்தது சக ஆசிரியர்களுக்கு நீங்கள் செய்யவேண்டியது. மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் கற்றது திங்கட்கிழமையே ஆவியாகிவிடுகிறது என்றால், வந்தவர் தன் யூனிட்டுக்குத் தனியாகத் திரும்பியதே அதற்குப் பெரிய காரணம். ஒரே யூனிட்டிலிருந்து இரண்டு பேரை அழையுங்கள். பிறகு ஒருவர் கிளாஸை மற்றவர் பார்க்கட்டும். போவதற்கு முன் பத்து நிமிடம்: "எதைக் கவனிக்கணும், நீங்களே சொல்லுங்க." பிறகு இருபது நிமிடம் பேசாமல் பார்ப்பது. அன்றைக்கே பேசிவிடுவது, கேட்ட ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும். குறிப்பெடுத்த தாள் பார்க்கப்பட்டவர் கைக்கே போகவேண்டும். அது துறைத் தலைவர் மேசைக்கு ஒருமுறை போனாலும் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் பவர்பாயின்ட் போட்டு நாடகம் நடத்துவார்கள். தாளைக் கோப்பில் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்பார்கள். யார் யாரை எந்தத் தேதியில் பார்த்தார் என்ற பட்டியலை மட்டும் கொடுங்கள்.

மாணவர் நோயாளியைப் பார்ப்பதை நேரில் நின்று மதிப்பிடும் மினி-சி.இ.எக்ஸ். படிவத்துக்கும் இதே கதிதான். போஸ்டிங் கடைசி நாளில் இருபது படிவங்களை ஒரே மூச்சில் நிரப்பி, ஒன்பதுக்கு ஏழு என்று எல்லோருக்கும் போடுகிறார்கள். கட்டிலருகிலேயே நிரப்பாத படிவம் எனக்குக் குப்பை.

அட்வான்ஸ்டு கோர்ஸ்? சேருங்கள், ஆனால் சான்றிதழுக்காக வேண்டாம். அதில் செய்யவேண்டிய ப்ராஜெக்ட்டுக்காகச் சேருங்கள். நம் நாட்டில் இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: புது முறையில் வகுப்பு எடுத்துவிட்டு, மாணவர்களுக்குப் பிடித்ததா என்று படிவம் கொடுப்பது. எல்லோருக்கும் பிடித்திருக்கும். பயிற்சியின் பலனை அளக்க 1959-லிருந்தே கிர்க்பாட்ரிக்கின் நான்கு மட்டங்கள் இருக்கின்றன: பிடித்தது, கற்றது, நடத்தை மாறியது, விளைவு. நாம் முதல் மட்டத்திலேயே குடியிருக்கிறோம். நீங்கள் மூன்றாவதுக்குப் போங்கள். இருபது மாணவர்களில் எத்தனை பேர் கட்டிலை உயர்த்திக் கழுத்து நரம்பைப் பார்த்தார்கள், ஆறு வாரம் கழித்து எத்தனை பேர் என்று இன்னொருவரை விட்டு எண்ணச் சொல்லுங்கள். சின்னக் கேள்விதான், ஆனால் மருத்துவத் துறைக் கூட்டத்தில் அதைப் போட்டால் யாரும் "எஜுகேஷன் ஆராய்ச்சியா?" என்று சிரிக்க மாட்டார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். மாணவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்க நீங்கள் போகவே கூடாது. இன்டர்னல் மார்க் போடும் மேடம் நீட்டும் தாளில் எந்த மாணவரும் மறுத்து எழுதமாட்டார். மார்க்கோடு சம்பந்தமில்லாத ஒருவரை, வேறு துறையிலிருந்து, இப்போதே கேட்டு வையுங்கள்.