அப்பாவின் பழைய காக்கிக் கோட்டு: வைத்துக்கொள்வதா, கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா?

உங்கள் தந்தையின் காக்கிக் கோட்டு அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகவும், 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று முன்னோரே சொல்லியிருப்பதால் போகியன்று அதைத் தீயில் போட்டுவிடலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தந்தை பட்டறையிலோ பணிமனையிலோ உழைத்தவர், நீங்கள் மேசை வேலை பார்ப்பவர் என்று கருதிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் அந்த மேற்கோள். அது நன்னூலில் வரும் நூற்பா. பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதிய சொற்கள் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று பவணந்தி முனிவர் மொழிக்கு வகுத்த இலக்கணம் அது. துணிமணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான் 1986 முதல் கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் தாத்தா நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். 1928-இல் பணிமனை பொன்மலைக்கு மாறியபோது குடும்பத்தோடு திருச்சிக்குக் குடிபெயர்ந்தார். அப்பாவும் பொன்மலையிலேயே வெல்டராக இருந்து ஓய்வு பெற்றார். அவர் எனக்குக் கொடுத்த கோட்டு கலப்பில்லாத பருத்தி ட்ரில் துணியில், சாய்வரி தெரியும் கெட்டி நெசவில், அளவெடுத்துத் தைத்தது. பைகளுக்கு மூடி உண்டு. கையின் முனையில் மடிப்பு கிடையாது, ஏனென்றால் மடிப்பில்தான் தீப்பொறி விழுந்து தங்கும். முழங்கைக்கு உட்புறம் இரண்டாவதாக ஒரு துணி வைத்துத் தைத்திருந்தது. காலர் தேய்ந்தபோது அப்பா அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் அதை அணிந்தேன்.

நடவுக்கு முன், சேற்றில் ஓட டிராக்டர்களுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் செய்யும் வேலை எங்கள் பகுதியில் குவியும். அப்படி ஒரு பருவத்தில், நைந்த கோட்டோடு நான் நிற்பதைக் காணப் பொறுக்காமல் என் மகன் கருநீலத்தில் ஆயத்த கோட்டு ஒன்றை வாங்கி வந்தான். அவன் அன்பை நான் குறை சொல்லவில்லை. எந்த நூல் என்று அதில் எங்கும் அச்சிடப்படவில்லை. கடைக்காரர் பருத்திதான் என்று உறுதி சொன்னாராம். மூன்றாம் நாள், சக்கரத்தின் உள்வளையத்தைப் பற்றவைக்கும்போது உருகிய இரும்புத் துளி ஒன்று முழங்கை மடிப்பில் விழுந்தது. பழைய கோட்டாக இருந்திருந்தால் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கும். இது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவர் அதைத் துணுக்குத் துணுக்காகப் பிரித்தெடுத்தார். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், இரும்போ 1,500 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்பதையும், பருத்தி உருகாமல் கருகும் என்பதையும் அன்று என் கையே எனக்குக் கற்பித்தது.

பருத்தியும் தீப்பற்றுமே என்று சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். கிரீஸ் ஊறிய பருத்தியும், நூல் பிரிந்து தொங்கும் பருத்தியும் ஆபத்தானவை. ஆகவே வாரந்தோறும் சவுக்காரம் போட்டு வெளுத்து, பிரிந்த முனையை வெட்டித் தைத்துவிட வேண்டும். தோல் மேலங்கி இன்னும் பாதுகாப்பானது என்பதையும் மறுக்கவில்லை, ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் நாள் முழுவதும் அதை அணிய முடிந்தவர்கள் இந்தப் பக்கம் மிகக் குறைவு.

எனக்கு ஆறாத வருத்தம், உழைப்பவர் அணியும் துணி எதனால் ஆனது என்பதை மறைத்து விற்கிறார்களே என்பதுதான். உள்தையலின் ஓரத்தில் மிஞ்சி நிற்கும் துணியிலிருந்து (தைத்த நூலை அல்ல) ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தியானால் எரிந்த காகித வாடையோடு மென்சாம்பலாகும், பாலியெஸ்டரானால் சுருங்கிக் கெட்டி மணியாக நிற்கும். காலர் திருப்பித் தரும் தையற்காரரும் இப்போது அருகிவிட்டார். கொடுத்தால், புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஜீன்ஸ் பையின் முனையில் செப்புக் குமிழ் அடிக்கும் முறைக்கு 1873-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளிகளின் கால்சட்டை எங்கே கிழிகிறது என்று கவனித்துவந்த ஒரு தையற்காரர்தான். அந்தக் கவனத்தை இன்றைய ஆயத்த உடையில் நான் காணவில்லை.

பழையது என்பதற்காகவே எதையும் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. அப்பாவின் கோட்டினை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது முதுகுப்புறத்தில் வெளிச்சம் ஊடுருவியது; அன்றே அதைப் பற்றவைப்பு வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். மூன்று மீட்டர் பருத்தி ட்ரில் வாங்கி, பழைய கோட்டினை மாதிரியாக வைத்து வெட்டச் சொல்லி, அதன் முன்புறத்தில் கெட்டியாக மிஞ்சிய துணியைப் புதியதன் முழங்கைக்கு உள்துணியாக வைத்துத் தைத்துக்கொண்டேன். இப்போது அணிவது அதைத்தான்.

உங்கள் தந்தையின் கோட்டினையும் அப்படி வெயிலில் பிடித்துப் பாருங்கள், ஒரு நூலை உருவிக் கொளுத்தியும் பாருங்கள். துணி கெட்டியாக இருந்து, நூலும் பருத்தியாக இருந்தால், போகிக்கு முன் உங்கள் ஊரில் பற்றவைப்பு பழகும் ஒரு பையனை அழைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் பட்டறையில் பழகும் இருவரில் ஒருவன் இன்னும் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்கிறான்.