ஒரு கேமுக்காக இரண்டு லட்ச ரூபாய் மேக்புக் வாங்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 31. கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். மாலை நேரங்களில் புத்தக அட்டை, சுவரொட்டி வடிவமைத்துக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். அதற்காக 2021-இல் வாங்கிய எம்1 சிப் மேக்புக் ஏர் (8 ஜிபி மெமரி) இருக்கிறது. சைபர்பங்க் 2077 கேமை முன்பே தள்ளுபடியில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி, அண்ணனின் விண்டோஸ் கணினியில் விளையாடி வந்தேன். இப்போது அது மேக்குக்கும் வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் என் மேக் அதற்குப் போதாது. கடையில் எம்4 ப்ரோ மேக்புக் ப்ரோவை 1,99,900 ரூபாய்க்கு, 24 மாத வட்டியில்லாத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். பங்குசார் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 போட்டு, சுமார் 3 லட்சம் சேர்ந்திருக்கிறது. அவசரத்துக்கென வங்கியில் 60,000. கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். தவணையில் வாங்கட்டுமா, ஃபண்டை விற்று வாங்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். உங்களுக்கு அந்தச் சுண்டைக்காய் இலவசமாகவே கிடைத்திருக்கிறது. சுமைகூலிதான் இரண்டு லட்சம்.

மேக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கார்டு பாக்கி. பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 38,000-க்கு 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 240. குறைந்தபட்சத் தொகை என்று நீங்கள் கட்டுவது பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 1,900 ரூபாய். அதில் 1,570 வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைவது 330. தவறாமல் கட்டுகிறேன் என்று நீங்கள் நிம்மதியாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பாக்கி வைத்திருக்கும்வரை, அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஃபண்டைத் தொடலாம். ஓராண்டுக்கு மேலான யூனிட்டுகளில் 38,000 ரூபாய்க்கு விற்றுக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். பங்குசார் ஃபண்டுகளில் நீண்டகால லாபம் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. உங்கள் லாபம் அதைத் தொடாது. வெளியேறும் கட்டணமும் பெரும்பாலான ஃபண்டுகளில் ஓராண்டுக்குப் பிறகு இருக்காது. ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டே 12 சதவீதம் வரும் என்று முதலீட்டைத் தொடர்வதில் பொருளில்லை.

அடுத்து, வட்டியில்லாத் தவணை. வங்கி வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த வட்டியளவு தொகையைக் கடைக்காரரோ நிறுவனமோ தள்ளுபடியாகக் கழித்துக் கொடுக்க, வங்கி அதை வட்டியாக வாங்கிக்கொள்கிறது. 16 சதவீத வட்டியில் 24 மாதம் என்று வைத்துக்கொண்டால், 1,99,900-இல் ஏறக்குறைய 29,800 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 5,360 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். செயலாக்கக் கட்டணம் தனி. மாதத் தவணை 8,329 ரூபாய் கார்டின் குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துகொள்ளும்.

இனி கணினி. சைபர்பங்க் விண்டோஸில் வந்தது 2020 டிசம்பரில். மேக்குக்கு வந்தது 2025 ஜூலையில். மேக்கில் அதற்குக் கேட்கப்படும் குறைந்தபட்சம் எம்1 சிப், 16 ஜிபி மெமரி. பரிந்துரைக்கப்படுவது எம்3 ப்ரோ, 18 ஜிபி. உங்கள் சிப் தேறுகிறது; மெமரிதான் காலை வாருகிறது. விண்டோஸ் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி மெமரி உண்டு. ஆப்பிள் சிப்பில் ஒரே மெமரியைத்தான் எல்லாமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்: இயங்குதளம், கேம், திரையில் தெரியும் ஒவ்வொரு தெருவும் சுவரும் விளக்கும். 8 ஜிபியில் அது நடக்காது. பிறகு கூட்டிக்கொள்ளவும் முடியாது. வாங்கும்போது என்ன இருந்ததோ அதுவே கடைசிவரை. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப மெமரியை 16 ஜிபியாக உயர்த்திவிட்டது. ஆகவே பழைய 8 ஜிபி மாடலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கேமுக்காக அதை வாங்காதீர்கள்.

கடைக்காரர் காட்டும் எம்4 ப்ரோ மாடலில் 24 ஜிபி. கேம் அதில் நன்றாகவே ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தொழிலுக்கு அது தேவையா? புத்தக அட்டைக்கும் சுவரொட்டிக்கும் 16 ஜிபி எம்4 ஏர் தாராளம். அது இங்கே அறிமுகமான விலை 99,900 ரூபாய். தொழிலுக்குப் போதுமான கணினிக்கும் கடைக்காரர் காட்டும் கணினிக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம்தான் உங்கள் 'இலவச' கேமின் விலை. பெரிய கேமை மேக்கில் ஆட நினைக்கும் யாருக்கும் நான் இந்த ஒரு கழித்தலைத்தான் போட்டுக்காட்டுவேன். முழு விலையைப் பார்த்தால், "எப்படியும் கணினி வேண்டும்தானே" என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

அதே கேமுக்கு விண்டோஸில் கேட்கப்படும் குறைந்தபட்ச கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060. அது 2016-இல் வந்தது. பரிந்துரைக்கப்படும் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர்கூட 2019-ஐச் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்குக் குறைவாகவே நடுத்தரமான விண்டோஸ் கணினி ஒன்றைக் கட்டிவிடலாம். உங்கள் ஸ்டீம் பிரதி அதில் அப்படியே ஓடும். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் இன்னும் மலிவு, ஆனால் அதில் கேமை மறுபடி விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இடமும் காசுதான். ஸ்டீமில் இந்தக் கேம் 92 ஜிபி பிடிக்கிறது. ஆப் ஸ்டோர் வழியாக இறக்கினால் எல்லா மொழிக் குரல்களும் சேர்ந்து 159 ஜிபி. 256 ஜிபி சேமிப்பிடம் உள்ள மேக்கில் இதை வைத்தால் உங்கள் வடிவமைப்புக் கோப்புகளுக்கு என்ன மிஞ்சும்? ஏரில் 256-லிருந்து 512-க்குப் போக 20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். அதற்குப் பதில் வெளியே செருகும் எஸ்எஸ்டி சேமிப்புக் கருவி ஒன்றை வாங்கி, ஸ்டீம் கேமை அதில் நிறுவிக்கொள்ளலாம்.

இந்த ஒரு கேமோடு நிற்கப்போவதில்லை, இனி எல்லாக் கேம்களும் மேக்குக்கு வரும் என்று நினைத்தால், அந்த நம்பிக்கைக்கு நான் பணம் போட மாட்டேன். 2023-இல் ஆப்பிள் கேம் போர்ட்டிங் டூல்கிட் என்ற கருவியை வெளியிட்டது. விண்டோஸ் கேம் மேக்கில் எப்படி ஓடும் என்று நிறுவனங்கள் அதில் பரிசோதித்துப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸின் கிராஃபிக்ஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸுக்கு எழுதியதை ஆப்பிளின் மெட்டலுக்கு மாற்றி, சரிபார்த்து, விற்பனைக்குக் கொண்டுவருவது தனி உழைப்பு. அது லாபமா என்று அந்த நிறுவனம் கணக்குப் பார்க்கும். 2025 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் விண்டோஸோடு ஒரே நாளில் மேக்குக்கும் வந்தது உண்மை. டெத் ஸ்ட்ராண்டிங் விண்டோஸுக்கு 2020-இல் வந்து மேக்குக்கு 2024-இல்தான் வந்தது என்பதும் உண்மை. வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் இன்றுவரை மேக்கில் இல்லை. வந்தவையும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை: 2019-இல் மேக்கின் இயங்குதளப் பதிப்பான கேட்டலினா, 32 பிட் எனப்படும் பழைய வகைச் செயலிகளைக் கைவிட்டபோது, காசு கொடுத்து வாங்கிய பழைய கேம்கள் பல ஒரே நாளில் செயலிழந்தன.

ஆகவே கார்டை அடைத்த கையோடு, அதற்குக் கட்டிவந்த 1,900-த்தோடு இன்னொரு 6,000 சேர்த்து மாதம் 7,900 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். பதின்மூன்று மாதத்தில் ஒரு லட்சம் தாண்டும். அதற்குள் எம்1 தொழிலுக்கு இடைஞ்சலாக இருந்தால் 16 ஜிபி ஏர் வாங்குங்கள். கேம் அதில் குறைந்த அமைப்புகளில் ஓடும். ஏரில் விசிறி இல்லாததால் நேரம் ஆக ஆகச் சூடேறி வேகம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். வடிவமைப்பு வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டிக் கணக்கு எழுதுபவராக இருந்தால், வரிக்கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். ஆனால் தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு மட்டும். எம்1 ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு லட்சத்தில் விண்டோஸ் கணினி கட்டுவதா என்று யோசியுங்கள். 60,000 அவசர நிதி உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு என்பதால், எதை வாங்கினாலும் அதைத் தொடாதீர்கள்.

வாங்கும் நாளில் கடைக்காரரிடம், தவணை வேண்டாம், மொத்தப் பணத்தையும் இப்போதே தருகிறேன், என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். வட்டிக்கென ஒதுக்கிய தள்ளுபடி முழுவதும் கிடைக்காவிட்டாலும், பாதியாவது பெரும்பாலும் இறங்குவார்.