இதயம் ஒரு தட்டில், இறகு ஒரு தட்டில்

கேள்வி: டாரட் சீட்டில் குறி பார்க்கப் பழகி வருகிறேன். எகிப்து சின்னங்களை வைத்துச் சொந்தமாக ஒரு ஸ்ப்ரெட் (சீட்டுகளைப் பரப்பும் முறை) அமைக்க ஆசை. டாரட்டே எகிப்திலிருந்து வந்ததுதானே?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: இல்லைம்மா. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. எகிப்துக் கதையைக் கிளப்பிவிட்டவர் கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர், 1781இல். ஷாம்போலியோன் எகிப்து எழுத்தின் புதிரை அவிழ்த்ததோ 1822இல். படிக்கத் தெரியாத காலத்திலேயே அளந்துவிட்ட கதை! அதற்காக ஆசையை விட வேண்டாம்.

அன்க் (உயிரைக் குறிக்கும் எகிப்துச் சின்னம்) வடிவில் சீட்டை அடுக்கினால் பார்க்க அழகு, அவ்வளவுதான், கேள்வி பிறக்காது. என் ஓட்டு, இறந்த பின் நடப்பதாகப் பழைய எகிப்தியர் நம்பிய, இதயத்தை நிறுக்கும் காட்சிக்கு. இறந்தவரின் இதயம் ஒரு தட்டில், நியாயத்தின் தெய்வமான மாஅத்தின் இறகு மறு தட்டில். அனுபிஸ் என்ற தெய்வம் நிறுக்க, எழுத்தின் தெய்வமான தோத் எழுதிக்கொள்வார், நம் சித்திரகுப்தன் மாதிரி. இதயம் கனத்தால் விழுங்க அம்மித் என்ற மிருகம் காத்திருக்கும்: முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல்.

இதை வைத்து நாலு சீட்டு, ஆளுக்கொரு கேள்வி. இடப்பக்கம் இதயம்: 'எது என்னை அழுத்துகிறது?' வலப்பக்கம் இறகு: 'இதில் நியாயம் எது?' நடுவில், சற்று மேலே தோத்: 'நான் ஒப்புக்கொள்ளாத உண்மை எது?' கீழே அம்மித்: 'இப்படியே விட்டால் எதை இழப்பேன்?' அம்மித்தைக் கவிழ்த்து வைத்துக் கடைசியில் திறவுங்கள். முதலிலேயே திறந்தால், எதிரில் இருப்பவர் மற்ற மூன்றையும் காதில் வாங்க மாட்டார்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் கருநீலத் துணி ஒரு மீட்டர் வாங்கி, தராசைச் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். சரியாக வந்தால் அப்புறம் நூலால் தைத்துக்கொள்ளலாம். ஜிகினாத் துணி மட்டும் வேண்டாம், சீட்டு வழுக்கும்.