நவம்பரில் ஆள் இல்லாத ஊர்கள்

அன்புள்ள சார்,

ரோமில் வேலை பார்க்கிறேன். போன நவம்பரில் நண்பர்களோடு காரில் அப்ரூட்ஸோ மலைப்பக்கம் போனோம். சான்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ, ரோக்கா கலாஷியோ, காஸ்டல் டெல் மான்டே என்று மூன்று ஊர்கள். கல் வீடுகள், வளைவுகளுக்கு அடியில் நுழைந்து போகும் சந்துகள், மலை முகட்டில் ஒரு கோட்டை. அத்தனை அழகு. ஆனால் ஆளே இல்லை. சான்டோ ஸ்டெஃபானோவில் ஒரு பாட்டியையும் சில பூனைகளையும்தான் பார்த்தோம். விடுதி வாடகையைக் கேட்டுவிட்டு லாக்விலா நகரத்துக்கே இறங்கி வந்து தங்கினோம்.

"காலம் நின்றுபோன ஊர்" என்றார் நண்பர். எனக்கு சினிமா செட் மாதிரி இருந்தது. வெளியுலகத் தொடர்பே இல்லாமல் அந்தக் காலத்தில் இங்கே எப்படி வாழ்ந்தார்கள்? இப்போது வசதியான பயணிகளுக்காக மட்டும் இவற்றைப் பாதுகாப்பதில் என்ன அர்த்தம்? நாம் போய் வேடிக்கை பார்ப்பதே தவறோ?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

நீங்கள் போனது நவம்பரில். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் அதே நவம்பரில் போயிருந்தாலும் அந்த வீதிகளில் ஆண்பிள்ளைகளை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஊர்களின் பிழைப்பே செம்மறி ஆடுதான். ஊர்களுக்கு மேலே, சுமார் 1800 மீட்டர் உயரத்தில், காம்ப்போ இம்பெராடோரே என்ற மிகப் பெரிய புல்வெளி இருக்கிறது. அதன் தலைமாட்டில் கிரான் ஸாஸோ மலையின் 2912 மீட்டர் சிகரம். கோடை முழுக்க அங்கே மேய்ச்சலுக்குக் குறைவில்லை. பனி விழுந்துவிட்டால் ஒரு வாய்ப் புல் கிடைக்காது. அதனால் செப்டம்பர் கடைசியில் ஊரின் ஆண்களும் விவரம் தெரிந்த பையன்களும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பூலியா சமவெளிக்கு இறங்குவார்கள். திரும்புவது மே மாதம் போல. லாக்விலாவின் கொல்லேமாஜியோ தேவாலயத்தருகே தொடங்கி பூலியாவின் ஃபோஜா நகரம் வரை போகும் அந்தப் பாதையின் நீளம் 244 கிலோமீட்டர். அகலம் சுமார் 111 மீட்டர். ஆடுகள் மேய்ந்துகொண்டே நடக்க வேண்டும் அல்லவா, அதற்காகப் புல்லாலேயே விடப்பட்ட சாலை. ட்ராட்டூரோ என்பார்கள். இன்றைக்கும் சில இடங்களில் அதன் தடம் தெரிகிறது.

வெளியுலகத் தொடர்பு இல்லை என்கிறீர்களே, அதைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. 1447இல் நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் அரசர் அல்ஃபோன்சோ இந்த ஆட்டுப் பயணத்தை அரசாங்க ஏற்பாடாகவே ஆக்கினார். டொகானா என்று ஒரு நிர்வாகம். ஆட்டுக்காரர் மந்தையைப் பதிந்து, தலைக்கு இவ்வளவு என்று வரி கட்டினால் குளிர்கால மேய்ச்சல் நிலம் ஒதுக்கித் தருவார்கள். வழக்கு வந்தால் உள்ளூர்ப் பிரபுவிடம் கைகட்டி நிற்க வேண்டாம், டொகானாவுக்கென்றே தனி நீதிமன்றம் இருந்தது. அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று இது. நீங்கள் பார்த்த அந்த ஒதுக்குப்புற ஊரின் இடையனுக்கு ராஜாவின் கணக்குப் புத்தகத்தில் ஓர் இடம் இருந்தது. வருடத்தில் பாதி நாளை வேறொரு நாட்டுப்புறத்தில் கழித்தவன் அவன். அந்தக் காலத்துச் சமவெளி விவசாயிகள் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போய் வந்திருப்பார்கள்?

சான்டோ ஸ்டெஃபானோவின் நுழைவாயில் வளைவுக்கு மேலே உருண்டைகள் பதித்த ஒரு கல் கேடயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஃப்ளோரன்ஸ் நகரத்தை ஆண்ட மெடிசி குடும்பத்துச் சின்னம். 1579இல் கலாஷியோ, சான்டோ ஸ்டெஃபானோ எல்லாம் அடங்கிய ஜமீனை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். 1743 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்காரர்களுக்கு இந்தக் கல்லாங்காட்டில் என்ன வேலை? கம்பளிதான். கர்ஃபான்யா என்ற கறுத்த, முரட்டுக் கம்பளி இங்கே கிடைத்தது. துறவிகளின் அங்கிக்கும் படைவீரர் உடுப்புக்கும் அது போயிற்று. நீங்கள் இடைக்காலம் என்று ரசித்த ஜன்னல்களிலும் வளைவுகளிலும் நிறைய அந்தக் கம்பளிக் காசு. கணக்குப் பார்த்தால் மறுமலர்ச்சிக் காலம்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் கவனித்தீர்களா? தனியாக மதில் கிடையாது. விளிம்பிலுள்ள வீடுகளின் முதுகுகளே ஒன்றோடு ஒன்று ஒட்டி மதிலாக நிற்கின்றன. சந்துகளுக்குக் குறுக்கே வரும் வளைவுகள் அழகுக்காக மட்டும் போட்டவை அல்ல. நிலம் நடுங்கும்போது எதிரெதிர் வீடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நடுக்கம் அங்கே பழக்கமான விருந்தாளி: 1461, 1703, பிறகு 2009 ஏப்ரல் 6. லாக்விலாவில் 309 பேர் செத்த அந்த இரவில்தான் சான்டோ ஸ்டெஃபானோவின் வட்டக் கோபுரம் இடிந்து விழுந்தது. நீங்கள் பார்த்தது பிறகு திரும்பக் கட்டியது.

குளிர்காலத்தில் இந்த ஊர்களை நடத்தியவர்கள் பெண்கள். பனி தள்ளுவது, விறகு, நூற்பு, நெசவு, சாவு, பிரசவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் பார்த்த அந்தப் பாட்டி அந்த வரிசையில் வந்தவர். அவரைப் பூனைகளோடு ஒரே வரியில் சேர்த்துவிட்டீர்கள்!

ஆக, ஊர் காலியாக இருப்பது அங்கே புதிதல்ல. போனவர்கள் திரும்பி வராததுதான் புதிது. 1806இல் பிரெஞ்சு ஆட்சி டொகானாவை ஒழித்தது. பூலியாவின் மேய்ச்சல் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமை வயலானது. அப்புறம் கம்பளியின் விலை விழுந்தது. ஆட்டோடு இறங்கிப் பழகிய ஜனங்கள் ஆடு இல்லாமலே இறங்கினார்கள்: அமெரிக்கா, அர்ஜென்டினா, போருக்குப் பிறகு கனடா, பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கங்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் இத்தாலியர்கள். அவர்களில் அப்ரூட்ஸோக்காரர்கள் ஏராளம். ரோக்கா கலாஷியோவின் கடைசிக் குடிகள் வெளியேறியதும் அந்த 1950களில்தான்.

உங்கள் நண்பர் சொன்ன "காலம் நின்றுபோன" தோற்றம் இதிலிருந்து வந்ததுதான். பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் போடக் காசும் ஆளும் இல்லாமல் போயின. காசு புழங்கிய பக்கத்து ஊர்களில் அதைத்தான் செய்தார்கள்.

விடுதி விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. 1990களின் இறுதியில் டானியலே கில்கிரென் என்ற இத்தாலிய-ஸ்வீடியர் சான்டோ ஸ்டெஃபானோவுக்குப் போய், பாழடைந்த வீடுகளை வாங்கி, ஒரே கட்டடமாக இல்லாமல் ஊர் முழுக்கச் சிதறிய அறைகள் கொண்ட விடுதியாக ஆக்கினார். கரி படிந்த சுவரைக்கூட வெள்ளையடிக்காமல் விட்டார். இடையனின் வறுமையை இவ்வளவு வாடகைக்கு விடுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அவர் வராமல் இருந்திருந்தால் கூரைகள் உள்ளே விழுந்திருக்கும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. விடுதியால் ஊர் பிழைத்துவிடவில்லை என்பதும் உண்மை. 2020இல் மக்கள்தொகை சுமார் 115. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் குடிவந்து தொழில் தொடங்கினால் வருடத்துக்கு 8000 யூரோ வரை, மூன்று வருடத்துக்குத் தருகிறோம் என்று அந்த வருடம் ஊராட்சியே அறிவித்தது.

போவது தவறா என்றால், இல்லை. லாக்விலாவுக்கு இறங்கி வந்து தங்கினீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பெரிய விடுதி வேண்டாம், வீட்டோடு வாடகை அறை விடுபவர்களைத் தேடிப் பிடியுங்கள். அடுத்த முறை ஆகஸ்டில் போங்கள். ரோமிலிருந்தும் கடல்கடந்தும் குடும்பங்கள் வந்து வீடுகளைத் திறந்துவைக்கும் மாதம் அது. ஆகஸ்ட் 5 அன்று காம்ப்போ இம்பெராடோரேயில் ஆட்டுச் சந்தையும் கூடும். சான்டோ ஸ்டெஃபானோவிலிருந்து ரோக்கா கலாஷியோவுக்குக் காரை எடுக்காமல் நடந்து போங்கள், நல்ல பாதை. மேலே மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நிறையப் பேர் வடக்கு மாசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். வெளிநாட்டில் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் உங்களுக்கு அவர்களோடு பேச விஷயம் இருக்கும். திரும்பும்போது சான்டோ ஸ்டெஃபானோவின் சிறிய கறுத்த மைசூர்ப் பருப்பு ஒரு பையும், காஸ்டல் டெல் மான்டேயின் ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பை ஊறவைக்கக்கூட வேண்டாம், சீக்கிரம் வெந்துவிடும்.