வசனத்தின் மறுபாதி

மதிப்பிற்குரிய ஐயா,

யோபின் புத்தகத்தைக் குறித்துத் தாங்கள் எழுதிவரும் குறிப்புகளை நான் நெடுநாளாக வாசித்துவருகிறேன். வாசிக்கத் தொடங்கியபோது என் மகன் உயிரோடிருந்தான். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை பெற்று, எட்டு மாதங்களுக்கு முன்பு, தன் ஒன்பதாம் வயதில் எங்களைவிட்டுப் போனான்.

எங்கள் சபையார் அன்பானவர்கள். உணவு கொண்டுவந்தார்கள், உடனிருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: "தேவ சித்தம், அவர் தவறு செய்வதில்லை, இதிலும் ஒரு நன்மை இருக்கும்." நானும் துக்க வீடுகளில் இதையே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சொற்கள் என் மேல் விழும்போதுதான் அவற்றின் கனம் தெரிகிறது. தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்றால் அவரால் தடுத்திருக்க முடியும். அவர் தடுக்கவில்லை. சில இரவுகளில் முழங்காலில் நின்றால் "ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்?" என்ற கேள்வியைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. கேட்டுவிட்டுப் பயந்துபோய் மன்னிப்பும் கேட்கிறேன். இந்தச் சந்தேகம் பாவமா? அவருடைய ஆளுகையை நம்புவது என்றால் கேள்வியை விழுங்கிவிடுவதுதானா? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்ததை நிறுத்திவிட்டேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்ல என்னால் இயலவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இருமுறை பதில் எழுதி, மறுநாள் வாசித்துப் பார்த்தபோது, அவை உங்கள் துயரத்துக்கு அல்லாமல் என் சங்கடத்துக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதலாக இருக்கக் கண்டு அழித்துவிட்டேன். தாமதத்தைப் பொறுத்தருளுங்கள். உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி, இங்கே வெளியிடவில்லை. அதை நான் பலமுறை வாசித்தேன்.

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு முதலிலேயே நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். "ஏன் பார்த்துக்கொண்டிருந்தீர்?" என்று நீங்கள் இரவில் கேட்பது பாவமன்று. அது ஜெபம். அதற்காக மன்னிப்புக் கேட்பதை நீங்கள் இன்றிரவிலிருந்தே நிறுத்திவிடலாம்.

நான் இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. யோபின் புத்தகம் இப்படித்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறது. துக்க வீடுகளில் நாம் எல்லோரும் எடுத்துச் சொல்வது அதன் முதல் அதிகாரத்து வசனத்தை: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த மனிதனின் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்தில் அதே மனிதன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். ஏழாம் அதிகாரத்தில் "நான் என் வாயை அடக்காமல்" பேசுவேன் என்று அறிவிக்கிறான். அதன்பின் அவன் பேசுபவற்றைப் பெயர் சொல்லாமல் இன்று ஒரு சபையில் வாசித்தால், இவன் விசுவாசத்தைவிட்டு விலகிப்போனவன் என்றே பலர் நினைப்பார்கள்.

இந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது ஒரு சிறு காரியத்தைக் கவனித்துப் பாருங்கள். யோபைத் தேற்ற வந்த நண்பர்களாகிய எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் தேவனைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். அவர்களுடைய பேச்சில் தேவன் எப்போதும் "அவர்"தான். ஓரிடத்திலும் அவர்கள் அவரை நோக்கித் திரும்புவதில்லை. யோபு மட்டும் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் திரும்பி, "நீர்" என்று பேசத் தொடங்கிவிடுகிறான். நீர் ஏன் என்னைக் குறியாக வைத்தீர், ஏன் உமது முகத்தை மறைக்கிறீர், என் அடிகளை ஏன் எண்ணுகிறீர் என்று அவன் கேட்பவை யாவும் குற்றச்சாட்டுகள்தாம். ஆனால் அவை போய்ச்சேர வேண்டிய இடத்துக்கே போகின்றன. முடிவில் கர்த்தர் எலிப்பாசிடம் சொல்வதைத் தமிழ் வேதாகமம் இப்படித் தருகிறது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." நிதானம் என்றவுடன் இன்று நமக்குப் பொறுமையான குரல் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல் இங்கே உண்மையானது, சரியானது என்ற பொருளில் நிற்கிறது. தேவனுக்காக வழக்காடியவர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள். தேவனோடு வழக்காடியவன் சரியாகப் பேசினான் என்று பெயர் பெற்றான்.

பதின்மூன்றாம் அதிகாரத்தின் வசனமொன்றை நீங்களும் மனப்பாடமாக அறிந்திருப்பீர்கள்: "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." அது அங்கே முடியவில்லை. "ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்" என்று தொடர்கிறது. என் வழக்கை அவர் முகத்துக்கு நேரே எடுத்துவைப்பேன் என்பது அதன் பொருள். நாம் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். மறுபாதியை விட்டுவிட்டதனால்தான் நம்பிக்கை என்பது வாய்மூடியிருப்பது என்று நமக்கு ஆகிவிட்டது என்று எண்ணுகிறேன். முதல் பாதியும்கூட நாம் நினைக்குமளவு உறுதியான தரையன்று. எபிரேய மூலத்தில் அங்கே எழுதப்பட்டிருப்பது "இல்லை" என்று பொருள்படும் "லோ" என்ற சொல். வாசிக்க வேண்டியதாக ஓரத்தில் குறிக்கப்பட்டிருப்பது "அவரில்" என்று பொருள்படும் இன்னொரு "லோ". ஒலி ஒன்று, எழுத்து வேறு. எழுதியபடி கொண்டால் "எனக்கு நம்பிக்கை இல்லை"; வாசித்தபடி கொண்டால் "அவரில் நம்பிக்கை வைப்பேன்." படியெடுத்தவர்கள் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை வைக்கவில்லை, இரண்டையும் காத்து நம்மிடம் தந்தார்கள். முழங்காலில் நிற்கும் உங்கள் இரவுகளை நீங்கள் விவரித்தபோது எனக்கு அந்த ஓரக்குறிப்புதான் நினைவுக்கு வந்தது.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். அவரால் தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை என்கிறீர்கள். இதை எளிதாக்கிக்காட்டும் வழிகள் சில உண்டு. தேவன் செய்யவில்லை, "அனுமதித்தார்" என்பார்கள். பிள்ளையை இழந்த தாய்க்கு இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே நிழலுக்கு ஒதுங்கவும் இடம் கிடையாது. யோபும் அந்த வேறுபாட்டில் அடைக்கலம் தேடாமல் "கர்த்தர் எடுத்தார்" என்றே சொன்னான். தீமையெல்லாம் மனிதன் தன் சுதந்தரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு என்பார்கள். கொலைக்கும் போருக்கும் அது ஓரளவு பொருந்தும், ஒரு குழந்தையின் எலும்பு மச்சையில் தொடங்கும் நோய்க்குப் பொருந்தாது. உங்களுடைய ஏதோ ஒரு குற்றத்தின் பலன் என்று எவராவது சாடையாகச் சொல்லியிருந்தால், பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் அதையே கேட்டபோது இயேசு, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவன் யோபுக்குப் பதில் கொடுத்த நான்கு அதிகாரங்களிலும் காரணம் சொல்லப்படவில்லை. யோபைச் சோதிப்பது குறித்துப் பரலோகத்தில் தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த உரையாடல் வாசகராகிய நமக்குத் தெரியும். யோபுக்கு அது கடைசிவரை தெரிவிக்கப்படவேயில்லை. அதற்குப் பதிலாக, மனிதர் குடியிராத வனாந்தரத்தில் பெய்யும் மழையும், வரையாடுகள் ஈனும் காலமும், ஆகாரமில்லாமல் கூப்பிடும் காக்கைக் குஞ்சுகளும் அவனுக்குக் காட்டப்படுகின்றன. இளம் வயதில் இந்தப் பகுதி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்று நினைத்தேன். இப்போது அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். ஆளில்லாத நிலத்தில் பெய்யும் மழை யாருடைய நன்மைக்கும் கூலியன்று. நல்லவனுக்கு நன்மை, பொல்லாதவனுக்குத் துன்பம் என்று நண்பர்கள் வைத்திருந்த பேரேட்டை அந்த மழை அடித்துச் சென்றுவிடுகிறது. அவருடைய ஆளுகை அந்தப் பேரேட்டைவிடப் பெரியது. உங்கள் மகனின் மரணமும் அதில் ஒரு பதிவாக எழுதப்பட்டதன்று. "இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்றுதான் யோபு முடித்தான். காரணம் விளங்கியது என்று அவன் சொல்லவில்லை. தன்னோடு பேசுகிறவரைக் கண்டான், அது அவனுக்குப் போதுமானதாயிருந்தது. உங்களுக்கு அது இன்று போதாமல் இருக்கலாம். யோபுக்கும் முதல் 37 அதிகாரங்களில் எதுவும் போதவில்லை.

விதி என்று சொல்வதற்கும் தேவனுடைய ஆளுகை என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். விதியை நொந்துகொள்ளலாம், அதனிடம் முறையிட முடியாது. நடந்ததற்கு ஒருவர் பொறுப்பாளர் என்று நம்புகிறவருக்கே "ஏன்" என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. உங்கள் நம்பிக்கை அற்றுப்போயிருந்தால் அந்தக் கேள்வியும் அதோடு அற்றுப்போயிருக்கும்.

நன்மை இருக்கும் என்று சொன்னவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சகோதரர்களால் குழியில் போடப்பட்டு விற்கப்பட்ட யோசேப்பு பின்னாளில் அவர்களிடம் சொன்னதை மனதில் வைத்து அவர்கள் பேசுகிறார்கள்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." அது உண்மை, நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் அதை யார், எப்போது சொன்னார் என்று பாருங்கள். அவன் கதையை ஆதியாகமம் தொடங்கும்போது யோசேப்புக்கு 17 வயது. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. செழிப்பின் ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கழிந்து தகப்பன் எகிப்துக்கு வந்து, அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்தபின் சொல்லப்பட்டது அந்த வசனம். கூட்டிப் பார்த்தால், குழியில் போடப்பட்டு ஏறக்குறைய 39 ஆண்டுகளுக்குப் பிறகு, குழியில் கிடந்தவனே சொன்னது. அதையே சகோதரர்கள் குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்துச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? குலசேகர ஆழ்வாரின் "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்" என்ற உவமையைவிடத் துன்பத்தின் நடுவே வைக்கும் நம்பிக்கைக்குச் சிறந்த சொல் நம் மொழியில் உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதுவும் நோயாளியின் இடத்தில் நின்று சொன்ன சொல். பக்கத்தில் நிற்பவர் அதை நோயாளியின் மேல் கடமையாகச் சுமத்த முடியாது. உங்கள் சபையார்மேல் எனக்குக் கோபமில்லை. யோபின் நண்பர்களும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாட்கள் அவர்கள் செய்த மிக நல்ல காரியம்.

புத்தகத்தின் இறுதியில் யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்று எவரேனும் உங்களுக்கு நினைவூட்டினால், கணக்கைப் பாருங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்பும் ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள், பின்பும் அவ்வளவே. இறந்த பத்துப் பேரும் தேவனிடத்தில் இருப்பதால் அவர்களையும் சேர்த்து எண்ணினால் அதுவும் இரட்டிப்புதான் என்று வாசிப்பவர்கள் உண்டு. நானும் அப்படியே வாசிக்கிறேன். பிள்ளைக்குப் பிள்ளை ஈடு என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை.

லாசருவின் வீட்டையும் நினைத்துப் பார்க்கிறேன். அவன் வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார். அவர் வந்தபோது மார்த்தாள், "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து, அவர் பாதத்தில் விழுந்து, அதையே சொன்னாள். நீங்கள் இரவில் கேட்பதும் அந்த வாக்கியந்தான். இருவரும் கடிந்துகொள்ளப்படவில்லை. ஒருத்தியோடு அவர் பேசினார். மற்றவள் அழக் கண்டபோது அவரும் கண்ணீர்விட்டார், சில நிமிடங்களில் தாம் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும்.

ஞாயிறு பள்ளிக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள். நிறுத்தியது நேர்மையான செயல். ஜெபிக்கச் சொற்கள் வராத இரவுகளில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பதினெட்டே வசனங்கள். துயரத்தில் தொடங்கும் மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. இராகத்தலைவனுக்கென்று தலைப்பிட்டு, கூடிப் பாடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். மீண்டும் பிள்ளைகள் முன் நிற்கும் நாள் வந்தால், இப்படியும் ஒரு பாட்டு வேதத்தில் உண்டு என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம். அதற்காக நீங்கள் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்க வேண்டியதில்லை.

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது என் தம்பி இறந்தான். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா அந்த யோபின் வசனத்தைத் தினமும் சொல்வார். தம்பி போனபின் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதோடு நிறுத்திவிடுவார். மீதியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; வராததை வந்ததுபோல் சொல்லவும் அவர் சம்மதிக்கவில்லை. ஆனாலும் ஒரு மாலையும் தவறாமல் அந்த வசனத்தினிடம் வந்து, அதே இடத்தில் நின்று, வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வார். நானும் அக்காவும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்போம். சில ஆண்டுகள் அப்படியே போயின. அந்த மூன்றாம் பகுதி எந்த நாளில் திரும்பி வந்தது என்பதை நான் அறியேன். படிப்புக்காக வெளியூர் சென்று விடுமுறைக்குத் திரும்பியிருந்த ஒரு மாலையில் அம்மா வசனத்தை முழுவதும் சொல்லக் கேட்டேன். குரல் தாழ்ந்திருந்தது. "எடுத்தார்" என்ற சொல்லுக்குப் பின் அந்த நிறுத்தம் மட்டும் மாறவில்லை. அவருடைய கடைசி நாட்கள் வரையிலும் அது அங்கேயே இருந்தது.

அன்புடனும் ஜெபத்துடனும்.