அலையைவிட மணலைக் கவனியுங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாயைக் கடலுக்கு அழைத்துப் போவது பற்றியே கேட்கிறார்கள். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள வாசகர்களுடையவை. நானும் இதே பகுதியில்தான் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன்.

நாயோடு ஒரு நாள் முழுக்க இருக்க, வடசென்னையில் எந்தக் கடற்கரை ஏற்றது? (தண்டையார்பேட்டை)

நாய்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரை நம் பக்கம் கிடையாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வேண்டவே வேண்டாம். ஏலக் கூட்டத்திலும் லாரிகளுக்கு நடுவிலும் நாய் மிரண்டுபோகும். திருவொற்றியூரில் அலைத்தடுப்புக் கற்களுக்கு இடையே அங்கங்கே மணல் திட்டு இருக்கிறது. கற்களின் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும். எண்ணூர் தாழங்குப்பம் பக்கம் மணல் விரிவானது. ஆனால் அது வலை உலர்த்தும் இடம், கருவாடு காயவைக்கும் இடம். அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கயிற்றை அவிழ்க்காமல் நடத்துங்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும், அங்கே இறக்க வேண்டாம்.

முழு நாள் என்பது நம் ஆசை. நாய்க்குக் காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை போதும்.

மணல் சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது? (புதுவண்ணாரப்பேட்டை)

புறங்கையை மணலில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

எங்கள் லேப்ரடார் கடல்நீரைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தது. ஆபத்தா? (திருவொற்றியூர்)

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நாலைந்து வாய் குடித்தால் வாந்தி, கழிச்சலோடு போய்விடும். பந்தை அலைக்குள் வீசி எடுத்துவரச் சொல்லும்போதுதான் வாய் நிறைய உள்ளே போகிறது. ஆகவே பந்தை மணலிலேயே வீசுங்கள். வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கரையில் கிடப்பதையெல்லாம் தின்கிறது. என்ன செய்வது? (காசிமேடு)

எனக்கு மிகவும் கவலை தருகிற கேள்வி இதுதான். வலையில் சிக்கி, விலை போகாததைக் கரையில் கழித்துப் போடுவார்கள். அதில் பேத்தை மீனும் இருக்கலாம். அதன் நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது, முறிவு மருந்தும் இல்லை. எச்சில் ஒழுகும், பின்னங்கால் துவளும், பிறகு மூச்சு நிற்கும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள். நம் பகுதியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

அடுத்தது தூண்டில் முள். ஒரு நாட்டு நாயை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பையன் வந்தான். மேலுதட்டில் முள், அதிலிருந்து ஒரு சாண் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கியது. வீட்டில் யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். முள்ளின் எதிர்க்கொக்கி சதையைக் கிழித்துவிட்டது. முனையை முன்பக்கமாகத் தள்ளி வெளியே வரவழைத்து, கொக்கியை வெட்டிய பிறகுதான் எடுக்க முடிந்தது. மயக்க மருந்தோடு செய்ய வேண்டிய வேலை இது. நரம்பை விழுங்கியிருந்தால் வெளியே தெரியும் நுனியைத் தொடக்கூடாது, குடல் அறுந்துவிடும்.

காலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயால் துடைக்கலாமா? (எண்ணூர்)

கூடவே கூடாது. தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் கெடும். தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்துத் துணியால் வழித்தெடுத்து, ஷாம்பு போட்டு அலசுங்கள். அதுவரை நக்காதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் கரைப்பக்கமே போக வேண்டாம்.

இரவில் கூட்டம் இல்லை. அப்போது அவிழ்த்து விடலாமா? (திருவொற்றியூர்)

ஜனவரி முதல் மார்ச் வரை அறவே வேண்டாம். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் அது. நாயின் மூக்குக்கு அந்தக் குழி உடனே தெரிந்துவிடும். ஒரே நாய் நூறு முட்டைகளைக் கிளறிப் போட்டுவிடும். மற்ற மாதங்களிலும் கயிறு கையில் இருக்கட்டும், தெருநாய்கள் கூட்டமாக வரும். வெறிநோய்த் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும்.

பக் நாயை அழைத்துப் போகலாமா? (ராயபுரம்)

மார்கழி, தை விடியலில் அரை மணி நேரம் போகலாம். சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே இருக்கட்டும். சப்பை மூக்கால் உடல் சூட்டை இறக்க முடியாது.