ரொறன்ரோவில் வார இறுதிக்கு ஒரு கார்: கோண்டாவில் தம்பிக்குப் பதில்

தம்பி, நீர் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். இதே யோசனையோடு இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து ரொறன்ரோ வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் இருக்கிறீர், வேலை டவுன்ரவுனில். கிழமை நாட்களில் ரயிலும் சப்வேயும் போதும். சனி, ஞாயிறில் மட்டும் எடுத்து மனம் நிறைய ஓட ஒரு பெர்ஃபோமன்ஸ் கார் வேண்டும். பாவித்த மஸ்டாங் ஜி.ரி., சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., பி.எம்.டபிள்யூ. எம்2, இந்த மூன்றில் எது நல்லது? சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது.

மூன்றும் நல்ல கார்தான். ஆனால் உம்முடைய நிலைமைக்கு மூன்றும் சரிவராது. கூரை திறக்கிற, இரண்டு சீற்றுள்ள சின்னக் காரான மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பாவித்ததாகத் தேடும் என்பதுதான் என் பதில்.

காரணத்துக்கு வர முதல் ஒன்று. இந்த ஆசை தேவையில்லாதது என்று யாராவது சொன்னால் காதில் போடாதேயும். ஊரில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். உம்முடைய வயதுப் பிள்ளைகளுக்கு, ரசித்து ஓட ஒரு கார் என்ற பேச்சுக்கே அங்கே இடமிருக்கவில்லை. அதற்கு முதல், 1990களில், போர்க்காலத் தடையால் எங்களுக்குப் பெற்றோலே இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீதி முழுக்கப் புகை, கண் எரியும், ஆனாலும் கார் ஓடியது. அப்படியும் காரைக் கைவிடாத ஊரில் பிறந்த உமக்குக் காரில் பிரியம் வந்ததில் என்ன அதிசயம்?

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் உம்முடைய அப்பாவைக் கண்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்து நிற்கிறேன், பங்குனியில்தான் திரும்புவேன். சைக்கிளை நிற்பாட்டி, "அவன் என்னவோ ரேஸ் கார் வாங்கப் போறானாம், நீர் சொல்லி மறியும்" என்றார். மறிக்க மாட்டேன், எந்தக் கார் என்று மட்டும் சொல்லுவேன் என்றேன். அவருடைய பயம் நியாயமானது. அதற்கு மதிப்புக் கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரொறன்ரோவில் இப்படியான காரைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது குதிரைவலு இல்லை, இன்சூரன்ஸ். ஒன்ராறியோவில் கார் இன்சூரன்ஸ் முழுக்கத் தனியார் கம்பனிகளின் கையில். நீர் இருக்கிற இடத்தின் தபால் குறியீடு, லைசென்ஸ் எடுத்து எவ்வளவு காலம், வயது, காரின் மொடல், எல்லாம் சேர்ந்துதான் தொகை வரும். மொடலுக்கு மொடல் இதுவரை வந்த கிளெய்ம்களைக் கணக்கெடுத்துத் தரப்படுத்துகிற முறையும் உண்டு. அதனால் விலை குறைந்த காருக்கு இன்சூரன்ஸும் குறைவாக வரும் என்று நினைக்கக் கூடாது. இளம் பிள்ளைகள் நிறையப் பேர் வாங்கி அடிபட்ட மொடல் என்றால், அவர்கள் செய்ததற்கும் சேர்த்து நீர் கட்டுவீர். ஜி2 லைசென்ஸ் (முழு லைசென்ஸுக்கு முந்திய படி), ஸ்காபரோ முகவரி, மஸ்டாங் ஜி.ரி.: இந்த மூன்றையும் ஒரு இன்சூரன்ஸ் புரோக்கரிடம் சொல்லிப் பாரும். அவர் சொல்கிற தொகையைக் கேட்ட பிறகு இரண்டு நாள் பொறுத்து யோசியும்.

இதில் நீர் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, முழு லைசென்ஸுக்கான ஜி ரோட் ரெஸ்ற்றைத் தள்ளிப் போடாமல் எடுப்பது. மற்றது, ஊரில் ஓடிய வருடங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உறுதிக் கடிதத்தையும், ஊர் இன்சூரன்ஸ் கம்பனியிடமிருந்து கிளெய்ம் இல்லை என்ற கடிதத்தையும் எடுப்பிப்பது. அப்பாவிடம் சொன்னால் அலைந்து எடுத்துத் தருவார். எல்லாக் கம்பனியும் அதைக் கணக்கெடுக்காது. எடுக்கிற கம்பனி எது என்று புரோக்கரை விடாமல் கேளும். அப்புறம், பார்க்கப் போகிற ஒவ்வொரு காரினதும் வின் இலக்கத்தை (அந்தக் காருக்கு மட்டுமே உரிய அடையாள எண்) கொடுத்து, அந்தக் காருக்கே தொகை எடும். பொதுவாகச் சொல்கிற தொகையை நம்பி முற்பணம் கட்டாதேயும்.

இரண்டாவது, சட்டம். ஒன்ராறியோவில் 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேக எல்லையுள்ள வீதியில் 40 கூடுதலாகப் போனாலே ஸ்ரண்ட் டிரைவிங் என்ற குற்றம். எல்லை 80 அல்லது அதற்கு மேற்பட்ட வீதி என்றால் 50. பிடிபட்ட இடத்திலேயே லைசென்ஸ் 30 நாளைக்குப் போகும், காரை 14 நாளைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் அபராதம் 2,000 டொலரில் தொடங்கி 10,000 வரை. முதல் தடவைக்கே குறைந்தது ஒரு வருடம் லைசென்ஸ் இல்லை. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் தருகிற கம்பனியைத் தேடிப் பிடிப்பதே ஒரு பாடு. இன்னொருவர் ஓடினாலும் இழுபடுவது உம்முடைய கார்தான். "மச்சான், ஒருக்காத் தா, ஒரு ரவுண்ட் போயிற்று வாறன்" என்கிறவரிடம் இல்லை என்று சொல்லப் பழகும்.

இனி மஸ்டாங் ஜி.ரி.யைப் பாரும். 5 லீற்றர் வி8. 2018 க்குப் பிறகு வந்தவற்றில் குதிரைவலு 450 ஐத் தாண்டும். நின்ற இடத்திலிருந்து 100 ஐத் தொட நாலு, ஐந்து விநாடி. வீதியின் எல்லை 60 என்றால், பச்சை விளக்கு விழுந்து நாலாவது, ஐந்தாவது விநாடியில் நீர் அந்தச் சட்டத்துக்குள் நிற்கிறீர். எம்2 வும் அப்படித்தான். அந்தக் கார்களின் சுகம் தொடங்குகிற இடம், வீதியில் உமக்கு அனுமதி முடிகிற இடத்துக்கு அப்பால் இருக்கிறது. வாங்கி வைத்துவிட்டு வாராவாரம் அடக்கி அடக்கி ஓட வேண்டும். எம்2 வுக்கு வாரண்டி முடிந்த பிறகு வருகிற திருத்தச் செலவும் ரயர் செலவும் வேறு.

எம்.எக்ஸ்-5 அப்படியில்லை. 1989 இல் முதலாவது வந்ததிலிருந்து இன்றுவரை ஒரே எண்ணத்தில் செய்கிற கார்: சின்ன எஞ்சின் முன்னுக்கு, இழுவை பின் சில்லுக்கு, இரண்டு பேர், குறைந்த எடை. துணிக் கூரை உள்ளது 1,100 கிலோவுக்குள் நிற்கும், மஸ்டாங் ஜி.ரி. 1,650 ஐத் தாண்டும். 2019 இலிருந்து வந்த 2 லீற்றர் எஞ்சினுக்கு 181 குதிரைவலு. தாளில் பார்த்தால் உமக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரு வளைவுக்குள் 50, 60 இல் திருப்பும்போதே அந்தக் கார் உம்மோடு பேசும். ஸ்ரியரிங்கில் வீதி தெரியும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குகிற அந்தச் சின்ன அசைவே கைக்கு இதமாக இருக்கும். மொறிஸ் மைனரில் பலாலி வீதியால் 40 மைலில் போன பழைய ஆட்களைக் கேட்டுப் பாரும், ஏன் இன்னும் அந்தக் காரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று. ஓடினது காணும் என்று இறங்கின ஆட்கள் இல்லை அவர்கள். குறைந்த வேகத்திலும் ஓடுகிறவனுக்கு வேலை கொடுத்த கார் அது.

இரண்டு சீற்றுத்தானே, அம்மா அப்பா வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர். அவர்கள் வந்து நிற்கிற கிழமைகளில் ஒரு வாடகைக் கார் எடும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கும் சாமான் வாங்கவும் கொம்யூனோட்டோ மாதிரி மணிக்கணக்கில் எடுக்கிற கார்கள் இருக்கின்றன. ஆனால், வருடம் முழுக்க, ஸ்னோவிலும் இந்த ஒரு கார்தான் என்று உம்முடைய வாழ்க்கை மாறினால் என் பதிலும் மாறும். அப்போது டபிள்யூ.ஆர்.எக்ஸ். சரி: நாலு சில்லிலும் இழுவை, நாலு கதவு, வின்ரர் ரயர் ஒரு செற். நீர் கேட்ட மூன்றில் எனக்குப் பிடித்ததும் அதுதான். வார இறுதிக்கு மட்டும் என்றபடியால்தான் அதை ஒதுக்குகிறேன்.

வின்ரர் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிற யாருக்கும் இது முன்பே தெரிய வாய்ப்பில்லை. பெர்ஃபோமன்ஸ் கார்கள் அநேகமாகச் சம்மர் ரயரோடு வரும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனதும் அந்த றப்பர் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும். கடும் குளிரில் உருட்டினாலே வெடிப்பு விழக்கூடும். வீதியில் கொட்டுகிற உப்பு, அடித் தகட்டைத் தின்னும். ஆகவே கார்த்திகையில் காரை உள்ளே விட்டு, சித்திரையில் மழை வந்து உப்பைக் கழுவின பிறகு வெளியே எடுப்பதுதான் அழகு.

என் கார் இப்போது மார்க்கம் நகரில் கராஜுக்குள் நிற்கிறது. விட்டுவிட்டு வந்த முறையைச் சொல்கிறேன். வெளியே கழுவியது போக, அடிப்பக்கத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவிக் காயவிட்டேன். தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து அது கெடாமல் இருக்க ஸ்ரெபிலைசர் ஊற்றினேன். அரைத் தாங்கியில் விட்டால் உள்ளே ஈரம் கட்டும். புது ஒயில். ரயருக்குக் காற்றுக் கொஞ்சம் கூட. ஹான்ட் பிறேக் இழுக்கவில்லை, மாதக்கணக்கில் நின்றால் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைத்தேன். பற்றரிக்கு, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிற ரென்டர் போட்டது. சைலன்சர் வாய்க்குள் இரும்புப் பஞ்சு திணித்தது, எலி கூடு கட்டாமல் இருக்க. திணித்ததை மறந்து ஸ்ராட் பண்ணாமல் இருக்க ஸ்ரியரிங்கில் ஒரு துண்டு எழுதிக் கட்டினேன். இடையில் வந்து பத்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அது வேண்டாம். எஞ்சின் முழுக்கச் சூடேறாமல் நிற்பாட்டினால் ஒயிலுக்குள் ஈரம்தான் மிஞ்சும்.

அந்த மாதங்களுக்கு ஓ.பி.சி.எஃப். 16 என்ற படிவத்தால் ஓடுகிற இன்சூரன்ஸை நிறுத்தி, களவுக்கும் தீக்குமானதை மட்டும் வைத்திருக்கலாம். கடனில் வாங்கிய காருக்குக் கடன் தந்தவர் அநேகமாக விடமாட்டார். அதற்காகவும்தான் சீட்டுக் காசுக்குள் முடிகிற காராகப் பாரும் என்கிறேன். ஆனால் அந்தக் காசு முழுவதையும் காருக்குள் இறக்காதேயும். விலைக்கு மேல் 13 வீத வரி இருக்கிறது, முதல் வருட இன்சூரன்ஸ் இருக்கிறது, ரயர் இருக்கிறது. முக்கியமாக, நிறுத்த இடம் வேண்டும். பேஸ்மென்ற் வாடகையோடு டிரைவ்வேயில் ஒரு இடம் தருகிறார்களா, மாரியிலும் அது உமக்குத்தானா என்று வீட்டுக்காரரிடம் முதலே கேட்டு, எழுத்தில் வாங்கும். களவும் ரொறன்ரோவில் பெரிய தொல்லை. வீட்டுக்குள் இருக்கிற திறப்பின் சிக்னலை வெளியே நின்று பிடித்துக் காரைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். திறப்பை அதற்கென்று விற்கிற உறைக்குள் போட்டு வையும், ஸ்ரியரிங்குக்கு ஒரு இரும்புப் பூட்டும் போடும்.

ஓடுவதில் ஒரு சங்கதி. ஊரில் மானுவல் ஓடியிருக்கிறீர், நல்லது. ஒன்ராறியோவில் ஓட்டோமற்றிக்கில் ரெஸ்ற் எடுத்தாலும் மானுவல் ஓடத் தடை இல்லை. கிளச், பிறேக், அக்சிலேற்றர் வரிசை அதேதான். ஆனால் கியர் வலது கைக்கு வந்துவிடும். முதல் நாட்களில் இடது கை போய்க் கதவில் இடிக்கும், சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போடுவீர். ஞாயிறு காலையில், கடைகள் திறக்க முதல், வெறும் பார்க்கிங் ஒன்றில் பழகும். உண்மையாக வேகம் பார்க்க வேண்டும் என்றால் போமன்வில்லுக்குப் பக்கத்தில் மொஸ்போர்ட் ஓடுதளம் இருக்கிறது, 1961 இல் திறந்தது, ஃபோர்முலா 1 நடந்த இடம். காசு கட்டிப் போய் ஓடலாம். வீதிக்கான இன்சூரன்ஸ் அங்கே செல்லாது என்பதை மட்டும் மனதில் வையும்.

கனடாவில் பெற்றோல் நிலையத்தில் ஒக்ரேன் எண் 87, 91 என்று இருப்பதைப் பார்த்து, ஊரில் 92 அடித்த நாங்கள் அதிலும் குறைந்ததை அடிக்கிறோமே என்று குழம்பாதேயும். அந்த இலக்கத்தை அங்கே கணக்கிடுகிற முறை வேறு. அங்குள்ள 87 தான் ஏறத்தாழ ஊர் 92. அங்குள்ள 91, ஊர் 95 க்குக் கிட்ட வரும்.

வாங்குவதற்கு இதுதான் நல்ல காலம். கூரை திறக்கிற காரை மாரியில் வைத்திருக்க இடமில்லாதவர்கள் விலையில் இறங்கி வருவார்கள். சித்திரை பிறந்தால் இறங்க மாட்டார்கள். விருப்பமான இரண்டு மூன்றைத் தெரிந்து வையும். கார்ஃபக்ஸ் அறிக்கை எடும், அடிபட்டதும் கடன் மீதியும் அதில் தெரியும். தனியாளிடம் வாங்கினால் விற்பவர் அரசாங்கத்தின் பாவித்த வாகனத் தகவல் கோவையைத் தர வேண்டும். தராமல் மழுப்பினால் விட்டுவிட்டு வாரும். எஞ்சினில், சைலன்சரில் கை வைத்து மாற்றின கார் என்றால் தொடவே வேண்டாம். அதை இன்சூரன்ஸுக்கு அறிவிக்காவிட்டால் கிளெய்ம் நேரத்தில் கம்பனி கையை விரித்துவிடும்.

முற்பணம் மட்டும் நான் வரும்வரை கொடுக்காதேயும். பங்குனியில் வந்ததும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து போவோம். கதவுக்குக் கீழே இருக்கிற தகட்டிலும் பின் சில்லுக்கு மேலேயும்தான் அந்தக் காருக்குத் துருப் பிடிக்கும். படுத்துப் பார்க்க ஒரு சாக்கும் ரோர்ச்சும் நான் கொண்டுவருவேன், நீர் வின் இலக்கங்களைப் புரோக்கரிடம் கொடுத்துத் தொகையை எடுத்து வையும்.